ஒரு கிளாஸ் மிக்கேல்

எதையும் அளவோடு செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சாப்பிட்டால் வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். சண்டை போட்டால் சட்டை கிழிய வேண்டும். பாதியில் "போதும்" என்று கையைக் குறுக்கே நீட்டுகிறவனிடம் ஏதோ கள்ளத்தனம் இருக்கிறது என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் உறுதியாக இருந்துகொண்டே நான் மிக்கேலுக்குச் சிநேகிதனாகவும் இருந்தேன் என்றால் அதற்குக் காரணம் மிக்கேல்தான், நானல்ல.

மிக்கேல் நொச்சிக்குப்பத்தில் கட்டுமரம் ஓட்டியவன். என் பெயர் கங்காதரன், குப்பத்தை ஒட்டி ஐஸ் டிப்போ வைத்திருந்தேன். அவன் பிடித்து வரும் மீனுக்கு என் ஐஸ். அவன் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன், நான் கடலம்மாவுக்குக் கற்பூரம் கொளுத்துகிறவன். சாமி விஷயத்தில் எங்களுக்குள் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. வந்ததெல்லாம் குடி விஷயத்தில்தான்.

அவன் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கிளாஸ் குடிப்பான். ஒன்றே ஒன்று. மதுவிலக்கு இருந்த நாளில் அடையாற்று முகத்துவாரத்துப் புதருக்குள் பதுங்கிக் குடித்தபோதும் ஒன்று. எழுபத்தொன்றில் அரசாங்கமே கடையைத் திறந்துவிட்ட பிறகு பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக் குடித்தபோதும் ஒன்று. குடித்ததும் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிடுவான். மச்சான்கள், மாமன்கள், கூட மரம் தள்ளுகிறவர்கள் எல்லோரும் அதை நிமிர்த்தப் பார்த்துத் தோற்றுப்போய், "ஒரு கிளாஸ் மிக்கேல்" என்று பட்டம் கட்டி விட்டுவிட்டார்கள்.

இந்த வியாதி அவனுக்குக் கோயிலில் பிடித்தது. எப்போதோ ஒரு தவக்காலத்தில் அவர்கள் சாமியார், குடிப்பது பாவமில்லை, வெறிப்பதுதான் பாவம் என்று பிரசங்கம் செய்திருக்கிறார். குப்பத்தில் முக்கால்வாசிப் பேர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்கள். மிக்கேல் ஒருவன்தான் இரண்டு பாதியையும் கேட்டவன். பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், "வெறி எத்தினியாவது கிளாஸ்ல சாமி ஆரம்பிக்குது?" என்று கேட்டிருக்கிறான். சாமியாருக்கு அன்று வேறு ஜோலி. "உனக்கு ஒண்ணு போதும், போ" என்று சொல்லிவிட்டார். அதோடு தீர்ந்தது.

அவனுக்கு ஒரே பெண், ரோசலி. அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அங்கே மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவன் ஜவஹர். அந்த ஜன்னல் வழியாக மருந்தைத் தவிர வேறு என்னென்னவோ பரிமாறிக்கொண்டு, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று ரோசலி வீட்டில் வந்து நின்றாள். பையன் தங்கமான பையன். அவர்களும் வேதக்காரர்கள்தான். ஆனால் பிராட்டஸ்டண்ட், திருநெல்வேலிப் பக்கம். எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்பதை இரண்டு கோயில் பெரியவர்களும் எப்படியோ பேசித் தீர்த்துக்கொண்டார்கள். தீராமல் நின்றது பையனின் தாயார் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பம் அம்மாள் விதவை. தி. நகரில் பாத்திரக்கடையைத் தனியாக நடத்தினார். அவர் கடையில் பேரம் பேசப் போனவர்கள் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு, கூடவே மது ஒழிப்புத் துண்டுப் பிரசுரம் ஒன்றும் வாங்கிக்கொண்டு வருவார்கள். பெண் பார்க்க வந்த அன்று மிக்கேலின் மனைவி முத்தம்மா வறுத்து வைத்த வஞ்சிரத் துண்டைக் கையில் தொடவில்லை. மடக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. நீங்க குடிப்பியளா?"

உள்ளே முத்தம்மா கரண்டியைக் கீழே போட்டாள். அவள் மீன்காரி. பொய்யை எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று அறிந்தவள். இவன் அறியாதவன்.

"சனிக்கெழம ஒரு கிளாஸ், சம்பந்தியம்மா. அளவோட."

"விஷத்துல என்ன அண்ணாச்சி அளவு?"

"நம்ம ஆண்டவரே கல்யாண வூட்ல தண்ணிய திராட்ச ரசமா மாத்திக் குடுத்தாரு. வந்த ஜனத்துக்கு சர்பத்தா குடுத்தாரு?"

"அது புளிக்காத ரசம். அப்பப் புழிஞ்ச திராட்சை."

"அப்பால இன்னாத்துக்கு பந்தி நடத்தறவரு, இம்மாம் நல்லத இவ்ளோ நேரமா ஒளிச்சு வச்சிக்கினு இருந்தியான்னு மாப்ளயாண்ட கேட்டாரு?"

அம்மாள் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். துண்டுப் பிரசுரத்தில் இதற்குப் பதில் போட்டிருக்கவில்லை போலிருக்கிறது. மிக்கேல் அதோடு நிறுத்தியிருக்கலாம். கெட்டிக்காரனாக இருந்தால் நிறுத்தியிருப்பான்.

"அப்போஸ்தலர் ஒருத்தரு சிஷ்யப் புள்ளைக்கி, வயித்து நோவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கோன்னு சொல்லிக்கீறாரு."

"அது மருந்து. உங்களுக்கு வயித்து நோவா?"

"சனிக்கெழமைக்கு சனிக்கெழம வருது."

ஜவஹர் சிரித்துவிட்டான். திரைக்குப் பின்னால் ரோசலியும் சிரித்தாள். மிக்கேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் சிரிப்பை அடக்க வஞ்சிரத்தை வாயில் போட்டுக்கொண்டேன். தங்கபுஷ்பம் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எங்க அய்யா பனையேறி. ஆரம்பத்துல அவுகளும் அளவோடத்தான் குடிச்சாக. ஒரு நாள் காலையில மரத்துல இருந்து விழுந்தாக. பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில நான்தான் மொதல்ல பாத்தேன். எனக்கு அளவு கிளவுன்னு யாரும் சொல்லப்படாது."

மிக்கேல் எழுந்து நின்றான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "நீங்க தொடலாம்னு சொல்ற வரிக்கும் நான் தொட மாட்டேம்மா" என்றான்.

"ஒரு சொட்டு இறங்குச்சோ, மூணு ஓலையும் வாசிச்சு முடிச்சிருந்தாலும் கல்யாணம் கிடையாது" என்றார் அம்மாள். ஓலை என்பது அவர்கள் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் கல்யாண அறிவிப்பு. தடை சொல்ல விரும்புகிறவன் அதற்குள் சொல்லிவிட வேண்டும். ரோசலி திரையை விட்டு வெளியே வந்து தகப்பனைப் பார்த்தாள். "நைனா சொன்னா செய்யும்" என்று மாமியாரிடம் சொன்னாள். அவ்வளவு நம்பிக்கையாகப் பெண்பிள்ளை பேசியதை நான் கேட்டதில்லை.

செய்தான். சனிக்கிழமை சாயங்காலமானால் என் டிப்போவுக்கு வந்து, மரத்தூளைத் தட்டிவிட்டு ஒரு துண்டு ஐஸை எடுத்துக் கடிப்பான். சாராயக்கடைப் பக்கமிருந்து காற்று வீசினால் மூக்கைப் பொத்திக்கொள்வான். மோந்து பார்ப்பது குடிப்பதில் சேருமா என்று ஒரு நாள் என்னைக் கேட்டான். போய் உன் சாமியாரைக் கேள் என்று எரிந்து விழுந்தேன். உண்மையிலேயே போய்க் கேட்டுவிட்டு வந்தான். சாமியார் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

முதல் ஓலை ஆயிற்று, இரண்டாம் ஓலை ஆயிற்று. மூன்றாம் ஓலைக்குப் பெண் வீட்டார் தி. நகர் கோயிலுக்கு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று தங்கபுஷ்பம் அம்மாள் சொல்லியனுப்பினார். அன்று அவர்களுக்குத் திருவிருந்து ஞாயிறு. ஆளுக்கு ஒரு துண்டு அப்பமும், ஒரே பாத்திரத்திலிருந்து ஆளுக்கு ஒரு வாய் ரசமும் கொடுப்பார்கள். "பயப்படாம வாங்க அண்ணாச்சி. கடையில வாங்குற சரக்கை நான் சண்டை போட்டு நிறுத்திட்டேன். பன்னிரண்டு வருஷமா என் கையால செய்யுற ரசம்தான். சொட்டு சாராயம் கிடையாது" என்றார்.

மிக்கேலுக்கு வேறு பயம். அவன் கோயிலில் ஜனங்களுக்கு அப்பம் மட்டும்தான், ரசம் சாமியாருக்கு. ரசத்துக்காக அத்தனை வாதாடியவன் கோயில் ரசத்தை வாயில் வைத்ததே கிடையாது. அதுவுமில்லாமல் அடுத்த கோயிலில் கை நீட்டலாமா என்பது ஒரு கேள்வி. அதைச் சாமியாரிடம் கேட்க அவன் போகவில்லை. "சம்பந்தி வூட்ல எல போட்டா துன்னாம வர்றதா கங்கா?" என்று தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டான்.

வைகாசி வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. முன்வரிசையில் மிக்கேல், முத்தம்மா, ரோசலி. அவர்களோடு வந்த பாவத்துக்கு நானும். கோயிலில் நன்மை, அதாவது அப்பம், வாங்குவதென்றால் முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பது கத்தோலிக்கர்களுடைய பழைய சட்டம். அதைத் தளர்த்திவிட்டதை மிக்கேலிடம் யாரும் சொல்லவில்லை. காய்ந்த வயிறோடு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் ஓலையை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. ரோசலி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பிறகு திருவிருந்து. விருந்தாளி என்பதால் மிக்கேலைத்தான் முதலில் அழைத்தார்கள். முழங்காலில் நின்றான். ஐயர் என்று அவர்கள் சொல்லும் பாதிரியார் ஒரு பெரிய வெள்ளிப் பாத்திரத்தை அவன் வாயருகே கொண்டுவந்தார். விளிம்பில் வாயை வைத்து ஒரு மிடறு உறிஞ்ச வேண்டும், அதுதான் முறை. மிக்கேல் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் அறுபது எழுபது பேர் காத்திருந்தார்கள். இத்தனை பேர் குடிக்க வேண்டிய பாத்திரத்தில் நாம் எச்சில் வைப்பதா என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. குப்பத்தில் பச்சைக் குழந்தைகூட அடுத்தவர் சொம்பில் வாய் வைக்காது. ஐயர் கையிலிருந்து பாத்திரத்தை மரியாதையாக வாங்கினான். அண்ணாந்தான். தூக்கி ஊற்றிக்கொண்டான்.

சொம்பென்றால் கழுத்து இருக்கும், நிறுத்த முடியும். அது வாய் அகன்ற பாத்திரம். மொத்தமாகக் கவிழ்ந்தது. ஒரு சொட்டு தரையில் சிந்தினாலும் ஆண்டவருடைய இரத்தத்தைக் கீழே கொட்டிய பாவம். எனவே மிக்கேல் சிந்தவில்லை. அவன் தொண்டை ஏறி இறங்குவதையும், ஐயரின் கை ஆகாயத்தில் நீட்டியபடியே நின்றுவிட்டதையும் கோயில் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது. காலிப் பாத்திரத்தைத் தலைத்துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு "ஆமென்" என்றான். ஐயர் உள்ளே போய் இன்னொரு பாட்டிலை உடைத்து ஊற்றிக்கொண்டு வந்தார்.

மிக்கேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"கங்கா."

"இன்னா?"

"இது சரக்கு."

"ஒளறாத."

"நல்ல சரக்கு" என்றான். அவன் முகத்தில் கவலை கப்பியிருந்தது.

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் கிராம்பும் போட்டு, பீங்கான் ஜாடியில் அடைத்து, துணியால் வாயைக் கட்டி, அடுப்பங்கரை மூலையில் ஒரு மாதம் வைத்துவிடுவாராம் அம்மாள். தினமும் ஜாடிமேல் கை வைத்து ஜெபம் வேறு. அதில் சாராயம் எதுவும் ஊற்றவில்லை, ஆகவே அது சாராயமில்லாத ரசம். அவர் கணக்கு அவ்வளவுதான். வாழ்க்கையில் ஒரு தடவையாவது குடித்துப் பார்த்திருந்தால் ருசி தெரிந்திருக்கும். அவர் குடித்ததில்லை. கோயில் ரசம் என்றால் இப்படித்தான் நெஞ்சில் கதகதவென்று இறங்கும், அது பரிசுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். வெயில் பட்டதுதான் தாமதம், மிக்கேலுக்குக் கால் பின்னிக்கொண்டது. வாசல் விளக்குக் கம்பத்துக்கு ஸ்தோத்திரம் சொன்னான். வேப்பமரத்தடிப் பெஞ்சில் அவனைப் பிடித்து உட்காரவைத்தோம். சபையார் சுற்றி நின்றுவிட்டார்கள். தங்கபுஷ்பம் அம்மாள் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"குடிச்சிட்டு வந்திருக்கீய. அந்த வெறியிலதான் பாத்திரத்தையே காலி பண்ணியிருக்கீய. என் ரசத்தைக் குடிச்சு எவனுக்காவது காலு பின்னுமா?"

இந்த வாதத்தில் ஓட்டையே இல்லை. ரசத்தில் போதை இல்லை, இவனுக்குப் போதை இருக்கிறது, எனவே இவன் முன்னாலேயே குடித்திருக்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தேன். மிக்கேல் என் காலை ஓங்கி மிதித்தான். போதையில் இருந்தவன் குறி தவறாமல் மிதித்தான்.

"ஆமாம்மா" என்றான். "தப்பு எம்மேலதான். அளவு மீறிப் பூடுச்சி."

ரோசலி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. முத்தம்மா, "பாவி, பொண்ணு வாழ்க்கைல மண்ணப் போட்டியே" என்று அவன் முதுகில் இரண்டு போட்டாள். "கல்யாணம் கிடையாது. ஜவஹர், வாலே" என்றார் அம்மாள். ஜவஹர் நகரவில்லை. தாயாரின் பேச்சை அவன் கேட்காதது அதுதான் முதல் தடவையாம்.

அதற்குள் ஐயர் உள்ளேயிருந்து தங்கபுஷ்பம் அம்மாளைக் கூப்பிட்டார். இரண்டாவது பாட்டிலில் பாதிக்கு மேல் மீந்துவிட்டது. ஆசீர்வதித்த ரசத்தை எடுத்து வைக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது. யாராவது குடித்துத்தான் தீர்க்க வேண்டும். மற்ற மாதங்களில் இதற்குப் பெரியவர்கள் முண்டியடித்துக்கொண்டு வருவார்களாம். அன்று எல்லோரும் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்திக் கத்தி அம்மாளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. உள்ளே போனார். மாதம் ஒரு வாய்க்கு மேல் அறியாதவர், நின்றபடியே மோர் குடிப்பது போலக் குடித்து முடித்தார். மிச்சத் திட்டையும் திட்டிவிடலாம் என்று திரும்பி வந்தார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் திட்டினார். மிக்கேலின் வம்சத்தில் மூன்று தலைமுறை தாண்டினார். அப்புறம் வேகம் குறைந்தது. முந்தானையால் விசிறிக்கொண்டார். நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் என்ன சொல்லிட்டிருந்தேன்?"

"கல்யாணம் கெடையாதுன்னு" என்றேன்.

"ஆமா. கிடையாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பன்னிரண்டு வருஷத்தில் சபையார் அவர் சிரித்துப் பார்த்ததில்லை என்பது அவர்கள் பின்வாங்கியதிலிருந்து தெரிந்தது. பெஞ்சின் மறுமுனையைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, தரை ஏன் இந்த ஆட்டம் ஆடுது?"

"தரை ஆடலம்மா" என்றான் மிக்கேல்.

அந்த அம்மாள் பிடிவாதக்காரியே தவிர முட்டாள் இல்லை. தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். கோயில் கதவைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"என் ரசமா?"

மிக்கேல் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நாக்குல பட்டவுட்டே."

"பெறவு ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க மக கல்யாணம் நின்னிருக்காதே."

"கல்யாணம் நடந்திருக்கும்" என்றான் மிக்கேல். நாக்கு குழறியதால் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "அப்பால அந்த வூட்ல எம்பொண்ணு உங்க மூஞ்சில எப்டி முழிக்கும்? நீங்க இந்தக் கோயில்ல எப்டி முழிப்பீங்க?"

அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் ஜவஹர் பயந்துபோய் அருகே வந்தான். அவனைத் தள்ளிவிட்டு, பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார்.

"எல்லாரும் கேளுங்க! இவுக குடிச்சிட்டு வரல. இவுகளுக்கு ஏறுனது நான் செஞ்ச ரசம். எனக்கும் இப்ப அதான் ஏறியிருக்கு. பன்னிரண்டு வருஷமா உங்க எல்லாருக்கும் நான் போதையை ஊத்திக் குடுத்திருக்கேன். இவுக தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்கல. நானே சொல்லுதேன்."

ஐயர் செருப்பைப் பார்த்தார். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"எங்களுக்குத் தெரியும்மா. ஆளுக்கு ஒரு வாய்தானே என்று இருந்துவிட்டோம். தயவுசெய்து அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்."

அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். வேறு நாளாக இருந்தால் வாத்தியார் எரிந்திருப்பார். அன்று அந்தப் பார்வை அவருக்கு இரண்டு பக்கமும் மாறி மாறி விழுந்ததே தவிர அவர்மேல் விழவில்லை. அம்மாள் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நான் போய் மோர் வாங்கி வந்தேன். முத்தம்மா இரண்டு பேர் தலையிலும் தண்ணீர் தெளித்தாள். "எழும்ப முடியுதா அண்ணாச்சி?" என்றார் அம்மாள். "முடியலம்மா. உங்களுக்கு?" என்றான் மிக்கேல். "எனக்கும் முடியல" என்றார். ரோசலியைக் கூப்பிட்டுத் தம் காலடியில் உட்காரச் சொன்னார். கல்யாணத் தேதி, எத்தனை இலை, யார் யாருக்குப் புடவை என்று ஒவ்வொன்றாக அங்கேயே பேசி முடித்தார்கள், இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியாத காரணத்தால்.